பழைய சர்வே முடிவுகள்: மென்பொருளிலேயே பார்ப்பதா, இறக்கி வைப்பதா?

கோப்புக்காரன்
பணியாளர் சர்வே மூடிய அன்றே முடிவுகளை எக்ஸெலிலும் பிடிஎஃப்பிலும் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஒரு வருஷம் கழித்து மென்பொருளுக்குள் போய்த் துழாவுவது வீண் வேலை.

வடிகட்டி
துழாவ என்ன இருக்கு? "பழைய சர்வே காணோம்" என்பவர்கள் பலர் நிலை வடிகட்டியைத் தொட்டே இருக்க மாட்டார்கள். பட்டியல் திறந்ததும் 'நடப்பில்' என்று நிற்கும். 'மூடியவை', 'ஆர்க்கைவ்' இரண்டையும் தேர்ந்தெடுங்கள், தேதி வரம்பை முழுசாக எடுத்துவிடுங்கள். சில மென்பொருளில் அந்தத் தேதி சர்வே தொடங்கிய நாள், சிலதில் மூடிய நாள். மார்ச் 28ல் தொடங்கி ஏப்ரல் 11ல் முடிந்த சர்வேயை ஏப்ரலில் தேடினால் வராமல் போவது இதனால்தான். மாதாமாதம் போகும் பல்ஸ் சர்வே (சில கேள்விகளே உள்ள குட்டி சர்வே) என்றால் ஒரே தலைப்பின் கீழ் சுற்றுகளாக இருக்கும். தலைப்பைத் திறந்து சுற்றை மாற்றிப் பாருங்கள்.

கோப்புக்காரன்
அத்தனையும் செய்தும் வராதது உண்டே. உருவாக்கியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸில் கணக்கை நீக்கிய 30 நாளுக்குள் அட்மின் அதை வேறொருவர் பேருக்கு மாற்றாவிட்டால் ஃபார்ம் போச்சு.

வடிகட்டி
ஆரம்பத்திலேயே குழுவின் பேருக்கு நகர்த்தியிருந்தால் அந்தப் பிரச்சினையே இல்லை. சரி, பதில் தந்தவர் யார் என்ற ரகசியம் உங்கள் எக்ஸெலில் எப்படி நிற்கும்? 5 பேருக்குக் குறைவாகப் பதில் தந்த குழுவை மறைப்பது மென்பொருள். இறக்கிய கோப்பில் துறை, பணிக்காலம், பாலினம் மூன்று பத்தியும் வரிக்கு வரி இருந்தால் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம் போதும்.

சராசரி
மறைத்தாலும் கழித்தல் கணக்கு இருக்கே. துறையில் 12 பேர், சராசரி 3.5. அதில் 8 பேர் குழுவுக்கு 4.0. மொத்தம் 42ல் (12 × 3.5) அந்த 8 பேரின் 32 (8 × 4.0) போனால் 10. மறைத்து வைத்த 4 பேரின் சராசரி 2.5 என்று தெரிந்துவிடும். இதை அடைக்க இரண்டாவது சிறிய குழுவையும் சேர்த்து மறைக்கும் வசதி இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள்.

கோப்புக்காரனுக்கு ஆதரவாகவும் ஒன்று: சில மென்பொருள் பழைய பதில்களை இன்றைய பணியாளர் பட்டியலோடு பொருத்திக் காட்டும். ஆள் துறை மாறினால் போன வருஷ மதிப்பெண்ணும் கூடவே மாறும்! அறிக்கையில் 'சர்வே நடந்தபோதைய அமைப்பு' என்ற தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள்.

கோப்புக்காரன்
அந்தத் தேர்வு இல்லாத மென்பொருள்தான் எனக்குப் பிரச்சினை. அதனால்தான் மூடிய அன்றே இறக்கச் சொல்கிறேன். தனி வரிகள் வேண்டாம், தொகுத்த அறிக்கை போதும். கூடவே கேள்விகளை எழுத்து மாறாமல், அளவுகோலோடு சேமியுங்கள். 5 புள்ளியில் கேட்டதை அடுத்த முறை 0 முதல் 10 என்று கேட்டால் போக்கு வரைபடம் அர்த்தமில்லாதது.

வடிகட்டி
தொகுத்த அறிக்கை மட்டும் என்றால் சம்மதம். ஆனால் "இரவு ஷிஃப்டில் மட்டும் எவ்வளவு?" என்று மேலிடம் கேட்டால் பிடிஎஃப் பதில் சொல்லாது, மென்பொருளுக்குத்தான் வர வேண்டும்.

தமிழில் எழுதிய கருத்துகளை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எழுத்துக் கோப்பு) இறக்குபவர்களுக்கு: இரட்டைக் கிளிக்கில் திறந்தால் எக்ஸெலில் எழுத்தெல்லாம் கிறுக்கலாகலாம். 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியே போய் 65001 யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள்.