அம்மாவுக்கு பிளேகேகிராட் (ஜேர்மனியின் பராமரிப்புத் தேவைப் படி) 1 மட்டும் தந்திருக்கிறார்கள்: ஆட்சேபிக்கலாமா?

நல்லூர்ப்பெண் (டோட்முண்ட்):
அம்மாவுக்கு 78 வயது. அல்ஸைமர் என்று நரம்பியல் மருத்துவர் எழுதித் தந்திருக்கிறார். பராமரிப்புக் காப்புறுதியின் சார்பில் மதிப்பீட்டுக்கு ஒரு பெண்மணி வீட்டுக்கு வந்தார். அன்றைக்கென்று அம்மா தானே கொசுவம் வைத்துச் சேலை உடுத்தி, வந்தவருக்குத் தேநீர் வேண்டுமா என்று விசாரித்து, "எல்லாம் நானே செய்கிறேன், பிள்ளைக்கு என்னால் ஒரு கரைச்சலும் இல்லை" என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். இப்போது 22.5 புள்ளி, பிளேகேகிராட் 1 என்று கடிதம் வந்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, யாழ்தேவி ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வாசற்கதவை இழுப்பவர் இவர். வேலையை விட்டுவிடு என்கிறார் அண்ணா. வேறு வழி இல்லையா?

ரைன்கரை:
தங்கச்சி, வேலையை விடாதீர்கள். கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் ஆட்சேபனை காப்புறுதிக்குப் போய்ச் சேர வேண்டும். முதலில் கையெழுத்திட்ட இரண்டு வரி போதும், காரணத்தைப் பிறகு அனுப்பலாம். மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியையும் கேளுங்கள்.

அறிக்கையில் நினைவாற்றலுக்கு ஒரு பகுதி, நடத்தைக்கு ஒரு பகுதி இருக்கும். இரவில் எழுந்து நடமாடுவது நடத்தையில் வரும். இரண்டில் எது கூடவோ அது மட்டும் 15 சதவீதமாகச் சேரும். பெரிய பங்கு குளிப்பு, உடுப்பு, சாப்பாடு, கழிப்பறைக்குத்தான்: 40 சதவீதம். கை கால் நன்றாக இருப்பதால் அங்கே 'தனியாகச் செய்கிறார்' என்று போட்டிருப்பார்கள். அதைத்தான் பிடிக்க வேண்டும். பக்கத்தில் நின்று "இப்போது சவர்க்காரம், இப்போது தண்ணீர்" என்று நீங்கள் சொல்லச் சொல்லத்தான் குளிக்கிறார் என்றால் அது தனியாகக் குளிப்பது அல்ல. தூண்டுவதும் கூட நின்று கவனிப்பதும் உதவிதான் என்று மதிப்பீட்டு விதியே சொல்கிறது. 2017க்கு முன் உதவியை நிமிடக் கணக்கில் அளந்தார்கள், மறதிநோயாளர்கள் அதில் அடிபட்டுப் போனார்கள். அதனால்தான் மூன்று படிகளை ஐந்தாக்கிச் சட்டத்தையே மாற்றினார்கள். மாற்றிய பிறகும் நம் அம்மாமாருக்கு இப்படி நடப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த அந்நியர் முன்னால் "எனக்குக் குளிக்கத் தெரியவில்லை" என்று எந்த யாழ்ப்பாணத்துத் தாய் சொல்வார்?

இன்றிலிருந்தே கொப்பியில் எழுதுங்கள். என் அப்பாவுக்கு நான் எழுதியது இப்படி: "அதிகாலை 3.10. சேர்ட்டுக்கு மேல் சேர்ட், அதற்கு மேல் இன்னொன்று. கழற்றப் போனபோது கையை ஓங்கினார்." மறு மதிப்பீட்டுக்கு வருபவரிடம் அதன் பிரதியைக் கையில் கொடுங்கள். அம்மாவின் முன்னால் வாய்விட்டுச் சொன்னால் அவர் கூசிப்போய் மறுப்பார். மொழிபெயர்க்க வேறு ஒருவரை வையுங்கள், நீங்கள் மகளாகப் பேசுங்கள்.

27 புள்ளி வந்தால் பிளேகேகிராட் 2. 2025 முதல் மாதம் 347 யூரோ கையில் வரும், பகல்நேரப் பராமரிப்பு நிலையத்துக்குத் தனியாக 721 யூரோ வரை உண்டு. வாரத்தில் இரண்டு நாட்களாவது, மொத்தம் 10 மணிநேரமாவது நீங்கள் பராமரித்து, வேலை 30 மணிநேரத்தைத் தாண்டாவிட்டால் உங்கள் ஓய்வூதியப் பங்கையும் காப்புறுதி கட்டும். கிராட் 1இல் இவை எதுவும் இல்லை, மாதம் 131 யூரோ வரை உண்டு. அதுவும் கைக்காசாக வராது, அங்கீகரிக்கப்பட்ட சேவைக்கான பற்றுச்சீட்டைக் காட்டித்தான் எடுக்க வேண்டும்.

ஹம்வாசி:
ஒன்றைச் சேர்க்கிறேன். பின்னாளில் பராமரிப்பு இல்லத்தில் விட நேர்ந்தால் பிள்ளைகளின் வீடு வாசல் போய்விடும் என்று கோயிலில் பலர் பயமுறுத்துவார்கள். 2020 முதல், ஆண்டு மொத்த வருமானம் 1,00,000 யூரோவைத் தாண்டும் பிள்ளையிடம் மட்டுமே சமூக உதவி அலுவலகம் பணம் கேட்கலாம். அம்மாவுக்கு அறிவு தெளிவாக இருக்கும்போதே, அவர் சார்பில் நீங்கள் முடிவெடுப்பதற்கான அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிறகு நீதிமன்றம்தான் பொறுப்பாளரை நியமிக்கும்.

நல்லூர்ப்பெண்:
இருவருக்கும் நன்றி. இரண்டு வரிக் கடிதத்தை இன்றே பதிவுத்தபாலில் அனுப்புகிறேன். கொப்பியைத் தமிழில் எழுதலாமா?

ரைன்கரை:
இரவில் தமிழில் எழுதுங்கள், தூக்கக் கலக்கத்தில் அதுதான் வரும். கொடுப்பதற்கு முன் ஜேர்மனில் படியெடுத்துவிடுங்கள். நேரத்தை மட்டும் விடாமல் குறியுங்கள். அறிக்கை வந்ததும் குளிப்புப் பகுதியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று இங்கே எழுதுங்கள், பதிலைச் சேர்ந்தே எழுதுவோம்.