கையால செஞ்ச மண் பாத்திரத்த ஓவன்ல வைக்கலாமா?

வணக்கம், ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ். என் ஃப்ரெண்டு பாட்டரி, அதான் மண்பாண்டம் செய்யறது, கத்துக்கிட்டு தன் கையாலயே ஒரு ஆழமான பேக்கிங் டிஷ் செஞ்சு குடுத்தா, உள்ள வெளிய ரெண்டு பக்கமும் க்ளேஸ் (கண்ணாடி மாதிரி பளபளப்பான பூச்சு) போட்டு அவ்ளோ அழகா இருக்கு, சும்மா ஷோகேஸ்ல வைக்க மனசே வரல. ஆனா உடைஞ்சா அவ பட்ட பாடெல்லாம் போயிடுமேன்னு பயமா இருக்கு.

ஸ்டோன்வேர் களிமண் (அதிக சூட்டுல சுட்டு கெட்டியாக்கற வகை), சூளைல 1220 டிகிரி வரைக்கும் சுட்டதுன்னு சொன்னா. அப்போ ஓவனோட 200 டிகிரி ஒண்ணுமே இல்லன்னுதான் முதல்ல நெனச்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது சூடு எவ்ளோங்கறத விட எவ்ளோ வேகமா மாறுதுங்கறதுதான் பாத்திரத்த உடைக்குது, ஒரு பக்கம் சட்டுனு விரிஞ்சு இன்னொரு பக்கம் விரியாம நின்னா விரிசல் விழுந்துடும், அதனால ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து நேரா சூடான ஓவன்ல வைக்கக்கூடாது, ஆறின ஓவன்லயே வெச்சு அதோட சேத்து சூடேத்தணும், வெளிய எடுத்ததும் ஈரத்துணி மேலயோ கல் மேடை மேலயோ வைக்காம மரப்பலகைல வைக்கணும். இது ஓகே.

என் கவலையே வேற. அடில க்ளேஸ் இல்லாம ஒரு வளையம் இருக்கு, கழுவினா அந்த இடம் தண்ணி குடிச்சு கருத்துடுது. அந்த ஈரம் உள்ளயே ஆவியாகி உடைச்சிடுமா? ஒரு நாள் முழுக்க காயவிட்டா போதுமா? க்ளேஸ்ல வேற முடி மாதிரி மெல்லிசா கோடுங்க தெரியுது. இப்படி இருக்கறத ஓவன்ல வெச்சு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? ஈயம் இல்லாத க்ளேஸ்தான்னு அவ உறுதியா சொல்லிட்டா, அதனால அந்த பயம் இல்ல.