தேனும் நாரங்காயும் (எலுமிச்சை) சேர்த்த சாலட் ட்ரெஸ்ஸிங் பிரிந்து பிரிந்து நிற்கிறது, எங்கே தப்பு?

குழித்துறை அடுக்களை

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு குழித்துறையில். மகள் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் வருவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்பிப் போவாள். அங்கே ஒரு கடையில் சாலட் சாப்பிட்டாளாம். மேலே ஊற்றியிருந்த சாறு இனிப்பும் புளிப்புமாக, கொஞ்சம் கடுகு வாசத்தோடு, கொழகொழவென்று காயில் ஒட்டிக்கொண்டு இருந்ததாம். "அம்மா, அதுபோல நீ செய்து தந்தால் தினமும் பச்சைக்காய் தின்பேன்" என்றாள். சின்ன வயதிலிருந்து வெள்ளரிக்காயைத் தட்டில் ஒதுக்கி வைக்கிற பிள்ளை இப்படிச் சொன்னால் விடுவேனா? மூன்று வாரமாக முயற்சி செய்கிறேன்.

முதல் வாரம் தேங்காய் எண்ணெய் மூன்று டேபிள் ஸ்பூன், ஒரு நாரங்காய்ச் சாறு, தேன் ஒரு ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள் எல்லாவற்றையும் பாட்டிலில் போட்டுக் குலுக்கி, வெள்ளி இரவே ஃப்ரிட்ஜில் வைத்தேன். சனிக்கிழமை எடுத்தால் மேலே வெள்ளைக் கட்டி, நடுவில் கலங்கிய தண்ணீர், அடியில் தேன். இரண்டாவது வாரம் முழுக்க நல்லெண்ணெய் ஊற்றினேன். எள் வாசம்தான் வந்தது, வேறு எதுவும் தெரியவில்லை. மூன்றாவது வாரம் நாரங்காய்க்குப் பதில் வினிகர். மூக்கில் ஏறியது, அவள் இருமியே விட்டாள்.

எந்த எண்ணெய் நல்லது? பிரியாமல் இருக்க என்ன வழி? ஒரு தடவை செய்தால் எத்தனை நாள் வைக்கலாம்? வரும் சனிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவி.

பாறசாலை ரோடு

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24, 25 டிகிரிக்குக் கீழே போனாலே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் அது கட்டியாகாமல் என்ன செய்யும்? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளரித் துண்டில் ஊற்றினாலும் அதே கதைதான், வாயில் மெழுகு போல இருக்கும். சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறுங்கள்.

கோல்ட் கிச்சன்

அக்கா, நான் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் சாலட் பகுதியில் வேலை பார்த்தேன். இப்போது களியக்காவிளையில் சின்னதாகக் கேட்டரிங் செய்கிறேன். நீங்கள் எடுத்த பொருட்களில் பெரிய தப்பு இல்லை. சேர்த்த வரிசைதான் தப்பு.

உப்பு எண்ணெயில் கரையாது, தேனும் கரையாது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் தேன் எண்ணெய்க்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், எத்தனை குலுக்கினாலும் சோம்பலாகத்தான் கரையும். அதனால் புளிப்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு கிண்ணத்தில் நாரங்காய்ச் சாறு இரண்டு டேபிள் ஸ்பூன், அதில் கால் டீஸ்பூன் உப்பு. உப்பு கரைந்த பிறகு தேன் ஒரு டேபிள் ஸ்பூன். தேனும் முழுக்கக் கரைய வேண்டும், அடியில் இழை தெரியக்கூடாது. அப்புறம் கடுகு. எண்ணெய் கடைசியில்.

கடுகைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் மகள் சொன்ன அந்தக் கொழகொழப்பு அதிலிருந்துதான் வருகிறது. கடுகின் தோலில் ஒரு பசை இருக்கிறது. அது எண்ணெய்த் துளிகளைச் சுற்றிக்கொண்டு, அவை மறுபடி ஒன்றோடு ஒன்று சேராமல் பிடித்து வைக்கும். கடையில் அவள் சாப்பிட்டது மஞ்சள் கடுகு விழுதாக இருக்கும், அது சாது. நம் கறுப்புக் கடுகு காரம் அதிகம், அதனால் அரை டீஸ்பூன் போதும். உலர்ந்த மிக்ஸியில் பொடித்து, ஒரு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் பட்ட பிறகுதான் கடுகில் அந்த மூக்கில் ஏறும் காரம் உண்டாகிறது. வெந்நீர் ஊற்றினாலோ, எடுத்த எடுப்பில் நாரங்காய்ச் சாறு ஊற்றினாலோ காரம் எழும்பாது, கசப்புதான் முன்னால் நிற்கும். பத்து நிமிடம் கழித்துப் புளிப்பில் சேர்த்தால் அந்தக் காரம் அப்படியே நிற்கும்.

எண்ணெய் நான்கு டேபிள் ஸ்பூன். மூன்றரை சூரியகாந்தி, அரை நல்லெண்ணெய். வெள்ளைக்காரர்கள் கணக்கு மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளிப்பு. நம் வாய்க்கு அது எண்ணெய் அதிகம், நான் இரண்டுக்கு ஒன்றுதான் வைப்பேன். நூல் போல ஊற்றிக்கொண்டே அடிக்க வேண்டும். மோர் கடைகிற சின்ன மத்து இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. கலங்கி, வெளிர் மஞ்சளாகக் கெட்டியானால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அலுமினியக் கிண்ணம் வேண்டாம், புளிப்பு பட்டால் வாடை வரும். கண்ணாடி அல்லது எவர்சில்வர்.

இன்னொன்று, இதுதான் எனக்கு முக்கியம். ஸ்பூனில் ருசி பார்க்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அறுபது பேர் விருந்துக்கு நான் ட்ரெஸ்ஸிங் கலக்கினேன். ஸ்பூனில் நக்கிப் பார்த்தால் அருமை. முட்டைக்கோஸில் பிரட்டினால் ஒன்றுமே இல்லை, சப்பென்று இருந்தது. எங்கள் பெரிய செஃப் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஒரு கோஸ் இலையைக் கிள்ளி என் கிண்ணத்தில் முக்கி என் வாயில் வைத்தார். "இதோடுதானே சாப்பிடப் போகிறார்கள், இதோடு பார்" என்றார். பச்சைக்காயில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். அது உப்பையும் புளிப்பையும் நீர்த்துவிடும். ஸ்பூனில் கொஞ்சம் தூக்கலாகத் தெரிந்தால்தான் காயில் சரியாக இருக்கும். வெள்ளரிக்கு ஒரு மாதிரி, பல்லாரிக்கு (பெரிய வெங்காயம்) ஒரு மாதிரி, அன்னாசிக்கு இன்னொரு மாதிரி. அன்னாசி போட்டால் தேனைப் பாதியாகக் குறையுங்கள்.

அப்புறம், காயைக் கழுவித் துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பிரட்டுங்கள். ஈரத்தில் எண்ணெய் ஒட்டாமல் வழுக்கி, எல்லாம் தட்டின் அடியில் தேங்கும். தட்டில் வைக்கப் போகும் நேரத்தில்தான் பிரட்ட வேண்டும், உப்பு பட்ட வெள்ளரி கால் மணி நேரத்தில் தண்ணீர் விட்டுவிடும்.

வினிகர் மூக்கில் ஏறியதற்குக் காரணம் அது செயற்கை வினிகராக இருந்திருக்கும், அமிலத்தில் தண்ணீர் கலந்தது. லேபிளில் எழுதியிருப்பார்கள். நம் நாட்டு விதிப்படி வினிகரில் 3.75 சதவீதமாவது அசிட்டிக் அமிலம் இருக்க வேண்டும், இரண்டு வகையிலும் அது இருக்கும். ஆனால் நொதிக்க வைத்துச் செய்ததில் பழத்தின், கள்ளின் வாசம் கூடவே வரும், அதனால் முனை மழுங்கித் தெரியும். கேரளப் பக்கம் கள்ளு வினாகிரி கிடைத்தால் வாங்கி, பாதி அது, பாதி நாரங்காய்ச் சாறு என்று ஒரு தடவை செய்து பாருங்கள்.

நாரங்காய்ச் சாறு சேர்த்ததை ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாளுக்கு மேல் வைக்காதீர்கள், வாசம் செத்துவிடும். பச்சைப் பூண்டு தட்டிப் போட்டால் அன்றன்றைக்கே தீர்த்துவிடுங்கள். எண்ணெயில் கிடக்கிற பூண்டை வெளியே வைப்பது ஆபத்து.

தக்கலை ஆச்சி

மக்களே, நான் அதிகம் எழுதுவதில்லை, இதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றியது. கடுகு அரைத்துப் பச்சைக்காயில் சேர்ப்பது நமக்குப் புதிதில்லையே. வெள்ளரிக்காய்க் கிச்சடி அதுதானே? தேங்காயும் பச்சைமிளகாயும் அரைத்து, கடைசியில் கடுகை ஒன்றிரண்டாகச் சதைத்து, தயிரில் கலக்குவோம். இந்த ஊர் 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில் இருந்தது. எங்கள் அம்மா செய்த கிச்சடியும் நெய்யாற்றின்கரையில் என் சித்தி செய்வதும் ஒன்றுதான். கல்யாணச் சாப்பாட்டில் எங்கள் இலையில் முதலில் காலியாவது அந்தக் கிச்சடி விழுந்த இடம்.

அதை உன் மகளுக்கு இப்படி மாற்றிக் கொடு. புளிக்காத கட்டித் தயிர் அரைக் கப், சதைத்த கடுகு கால் ஸ்பூன், உப்பு, கருப்பட்டிப் பாகு இரண்டு ஸ்பூன். கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகே தயிரில் ஊற்ற வேண்டும். கருப்பட்டியில் மண் இருக்கும், வடிகட்டாமல் போட்டால் பல்லில் கடிக்கும். சூடாக ஊற்றினால் தயிர் திரிந்துவிடும். எண்ணெயே வேண்டாம். கேரட், வெள்ளரி, கொஞ்சம் உள்ளி (சின்ன வெங்காயம்) பொடியாக அரிந்து போடு. கருப்பட்டி வாசமும் கடுகும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று சாப்பிட்டால்தான் தெரியும்.

ரப்பர் தோட்டம்

குலசேகரத்தில் தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன், தேனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பக்கத்துத் தேன் பெரும்பாலும் ரப்பர் தேன். பலருக்குத் தெரியாது, அது பூவிலிருந்து வருவதில்லை. மரம் இலை உதிர்த்துத் தளிர் விடும்போது இலைக் காம்பின் முனையில் தேன் சுரக்கும், அதைத்தான் தேனீ எடுக்கிறது. ஏறக்குறைய ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை அதன் காலம். வெளிர் நிறம், வாசம் மென்மை. அதனால் ட்ரெஸ்ஸிங்குக்கு இது தோதானது, நாரங்காய் வாசத்தை அமுக்காது. கருத்த மலைத்தேன் ஊற்றினால் அதன் ருசிதான் நிற்கும்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். கட்டி கட்டியாக இருக்கிறது, சர்க்கரை கலப்படம் என்று என்னிடமே சண்டை போட்டவர்கள் உண்டு, மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். உறைவது தேனின் இயல்பு. பாட்டிலைக் கை பொறுக்கிற வெந்நீரில் வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் நேராகக் காய்ச்ச வேண்டாம். வீட்டில் ஒரு வயது ஆகாத குழந்தை இருந்தால் தேன் சேர்த்த எதையும் கொடுக்கக்கூடாது.

மேல்புறம் மாடி

எங்கள் வீட்டு முற்றத்தில் பிலிம்பி காய்த்துக் கொட்டுகிறது, கேரளத்தில் இரும்பன் புளி என்பார்களே, அது. நாரங்காய் விலை ஏறும்போது இதைப் பிழிந்து ஊற்றினால் என்ன? தினமும் ஒரு டம்ளர் சாறு குடித்தால் கொழுப்பு குறையும் என்றும் சொல்கிறார்கள்.

கோல்ட் கிச்சன்

மீன் கறியில் நாலு காய் போடுவது வேறு, பச்சைச் சாறாகப் பிழிந்து குடிப்பது வேறு. அதில் ஆக்ஸலிக் அமிலம் மிக அதிகம். கொழுப்பு குறையும் என்று அந்தச் சாற்றைக் குடித்துச் சிறுநீரகம் பழுதாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். டம்ளர் கணக்கைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். ட்ரெஸ்ஸிங்குக்கும் வேண்டாம். புளிப்புக்கு மாங்காய் இருக்கிறது, அன்னாசி இருக்கிறது. ரப்பர் கன்றுகளுக்கு நடுவில் ஊடுபயிராக வைத்த அன்னாசி வரும் காலத்தில் அதை அரைத்து வடிகட்டி ஊற்றினால் தேனே தேவைப்படாது.

குழித்துறை அடுக்களை

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை இரண்டு விதமும் செய்தேன்.

தம்பி சொன்னபடி கடுகைக் குழைத்து வைத்து, மத்தால் அடித்தேன். முதல் தடவை எண்ணெயை அவசரமாக ஊற்றிவிட்டேன், திரிந்த பால் போல ஆனது. இன்னொரு கிண்ணத்தில் அரை ஸ்பூன் கடுகு விழுது எடுத்து, அந்தத் திரிந்ததைச் சொட்டுச் சொட்டாக அதில் விட்டு அடித்தேன், சேர்ந்துகொண்டது. வெள்ளரித் துண்டில் முக்கிப் பார்த்தபோது உப்பு போதவில்லை, ஸ்பூனில் சரியாகத்தான் இருந்தது! இன்னும் ஒரு சிட்டிகை போட்டேன். கோஸ், கேரட், வெள்ளரி, கொஞ்சம் வறுத்த நிலக்கடலை போட்டுப் பிரட்டி வைத்தேன். பிள்ளை ஒரு தட்டு முடித்துவிட்டு மறுபடி வந்து நின்றாள்.

ஆச்சி, உங்கள் தயிர்க் கருப்பட்டி ஞாயிறு காலை செய்தேன். அவள் அதைத்தான் டப்பாவில் கேட்டாள். தயிராயிற்றே, வழியில் கெட்டுவிடும் என்று பயந்து கருப்பட்டிப் பாகையும் கடுகுப் பொடியையும் தனித்தனியாகக் கொடுத்து, தயிரை அங்கே வாங்கிக் கலந்துகொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

மீதி இருந்த ட்ரெஸ்ஸிங்கை ராத்திரி என் வீட்டுக்காரர் அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் ஊற்றிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் கிழங்குக்கு ஏதோ ஒன்று குறைகிறது என்கிறார்.

கோல்ட் கிச்சன்

குறைவது தேங்காய் எண்ணெய், அக்கா. கிழங்கு சூடாக இருக்கும், அதில் உறையாது. சூரியகாந்தியையும் நல்லெண்ணெயையும் எடுத்துவிட்டு அதே அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றுங்கள், தேனை அரை ஸ்பூனாகக் குறைத்து, உள்ளியும் காந்தாரி மிளகாயும் சதைத்துப் போடுங்கள். செய்த உடனே சாப்பிட வேண்டும், ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.