காது செட்டில் நுனி வளைந்த ஊசி: எப்படிக் கண்டுபிடிப்பது?

பாகான் டாலாம் பெண்:
வணக்கம். பினாங்கில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, பேக் செய்து, ஸ்டெரிலைஸ் பண்ணும் பிரிவில் இருக்கிறேன். மூன்று மாதமாகக் காது ஆபரேஷன் கருவிகள் அடங்கிய காது செட் என் பொறுப்பு. வயிற்று செட்டெல்லாம் மனப்பாடம். இது அப்படியில்லை. போன வாரம் ரோசன் ஊசி (காதுக்குள் வேலை செய்யும் மெல்லிய ஊசி) ஒன்று ‘நுனி கோணல்’ என்று சீட்டோடு திரும்பி வந்தது. அதன் நுனியே வளைவாகத்தானே இருக்கும்? எது பிறவி வளைவு, எது நம் கையில் வளைந்தது என்று எப்படிப் பார்ப்பது? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

செந்தூல் அக்கா:
தங்கச்சி, தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதே கம்பெனியின் புது ஊசியைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பாரம்மா. நல்ல ஊசியில் வளைவு ஒரே சீராக இறங்கும். அடிபட்டதில் ஓர் இடத்தில் சட்டென்று மடங்கியிருக்கும். அப்புறம் நுனியைப் பஞ்சில் மெதுவாக இழு. ஒரு நூல் சிக்கினாலும் பிசிறு இருக்கிறது, ஒதுக்கிவிடு. செவிப்பறையின் தடிமனே சுமார் 0.1 மில்லிமீட்டர், நடுக்காதிலுள்ள அங்கவடி எலும்பு 3 மில்லிமீட்டர் உயரம்தான். அந்தப் பிசிறு அங்கே போய்க் கிழிக்கும். என் அனுபவத்தில் ஆபரேஷனில் வளைவதைவிடக் கழுவும் தொட்டியில் வளைவதுதான் அதிகம்.

கிள்ளான் தம்பி:
அக்கா சொன்னது சரி. நானும் இதே வேலைதான். ரத்தத்தை உறிஞ்சும் மெல்லிய சக்‌ஷன் குழாயையும் கவனியுங்கள். ரத்தம் காய்வதற்குள் சிரிஞ்சால் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். காய்ந்துவிட்டால் கம்பி விட்டாலும் போகாது. சலைனில் மட்டும் ஊறப்போடாதீர்கள், உப்பு எஃகை அரித்துவிடும். முதலை வாய் போன்ற இடுக்கியான அலிகேட்டர் ஃபோர்செப்ஸை வாய் திறந்தபடி கழுவுங்கள், மூட்டுக்குள்தான் அழுக்கு ஒளிந்திருக்கும். பேக் செய்யும்போது ஒன்றோடொன்று உரசாமல் சிலிகான் விரிப்புள்ள பெட்டியில் வையுங்கள்.

பாகான் டாலாம் பெண்:
அக்கா, பஞ்சு வைத்துப் பார்த்தேன். அந்த ஊசியில் நூல் சிக்கியது. கூடவே அரிவாள் போல வளைந்த ஒரு சிக்கிள் கத்தியிலும் சிக்கியது, அதை யாருமே கவனிக்கவில்லை. இன்று தியேட்டர் வாசலிலேயே போய் நின்றேன். எல்லாவற்றையும் ஒரே கிட்னி டிஷ்ஷில் போட்டு, மேலே மாஸ்டாய்டு ரிட்ராக்டரை (காதுக்குப் பின்னால் வெட்டிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கனமான கருவி) வைத்துத் தருகிறார்கள்! அத்தனை கனமும் ஊசி மேல். சிஸ்டரிடம் காட்டினேன். நாளையிலிருந்து ரிட்ராக்டர் தனி டிஷ்ஷில் வரும். தம்பி, அந்த சிலிகான் பெட்டி என்ன அளவில் வாங்கினீர்கள்? எங்கள் ஊசிகள் சுமார் 16 சென்டிமீட்டர்.