முடிவு எடுத்த பிறகு சொன்னால் போதுமா?

திருவாரூர்க்காரன்:
யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வெண்ணாற்றுப் பகுதி வாய்க்கால்களை வரைகிறோம். எல்லாரும் தன்னார்வலர்கள். கும்பகோணத்து நண்பர்கள் ஞாயிறன்று டீக்கடையில் கூடி, எது பாசன வாய்க்கால், எது வடிகால் என்று முடிவு செய்துவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்தது ஒரே வரி: "பேசி முடிச்சாச்சு." கடைமடையில் ஒரு ஊருக்கு வடிகாலாக இருப்பதே அடுத்த ஊருக்குப் பாசனம். அதைச் சொல்லக்கூடியவர்கள் அன்றைக்கு நடவில் நின்றார்கள். ரொம்ப வருத்தமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

மன்னார்குடி வாசகர்:
கூடிப் பேசட்டும் அண்ணே, நல்லதுதான். ஆனால் பேசியதைக் காரணத்தோடு யோசனையாக எழுதிப் போடச் சொல்லுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து மென்பொருள் எழுதும் அப்பாச்சி திட்டங்களில் வாக்கெடுப்பைப் பொதுவாக 72 மணி நேரமாவது திறந்து வைப்பார்கள். நடவு, அறுப்பு சமயத்தில் நமக்கு ஒரு வாரம் வேண்டும்.

நாகை:
பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

மன்னார்குடி வாசகர்:
எளிதில் திருப்பக்கூடிய மாற்றம் என்றால் சரி. பாசனமா வடிகாலா என்று காட்டும் குறியீட்டையே மாற்றுவதற்கு அது போதாது.

தஞ்சாவூர்:
மறுப்பவரும் காரணம் எழுத வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் ஆர்எஃப்சி 7282 (2014) என்ற ஆவணம் தலை எண்ணுவதில்லை. ஆட்சேபத்தைப் பரிசீலித்துப் பதில் சொன்னார்களா என்றுதான் பார்க்கிறது.

திருவாரூர்க்காரன்:
சரி. கடைமடை விஷயத்தை ஆட்சேபமாக இன்றே எழுதுகிறேன்.