'தி ஷைனிங்' முதல் முறை பார்த்தேன்: அந்த ஆள் வரும்போதே அப்படித்தானா?

இரவல் குடை:

கதை முழுக்க இங்கே வெளிப்படும். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

பேய்ப்படம் என்றாலே ஒதுங்கிப் போகிறவள் நான். 43 வயதில், போன சனிக்கிழமை இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' பார்த்தேன். 1980இல் வந்த படம். குளிர்காலத்தில் மூடிக்கிடக்கும் ஒரு மலை ஓட்டலைக் காவல் காக்க ஜாக் டோரன்ஸ் (ஜாக் நிக்கல்சன்) மனைவி வெண்டியோடும் மகன் டேனியோடும் போகிற கதை. ரத்தம் கொட்டும் லிஃப்ட், கைகோத்து நிற்கும் இரண்டு சிறுமிகள், பிளந்த கதவு வழியே எட்டிப்பார்க்கும் ஜாக் நிக்கல்சன் முகம் எல்லாம் படம் பார்க்காமலே எனக்குத் தெரிந்தவை. அவை வந்தபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

என்னை உலுக்கியது வேறு. பையன் டேனி தன் பொம்மைத் தீயணைப்பு வண்டியை எடுக்க அறைக்குள் போகிறான். அப்பா தூங்குகிறார் என்று நினைத்து அடிமேல் அடி வைத்துப் போகிறான். அவர் தூங்கவில்லை. கட்டில் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்கிறார். "அம்மாவையும் என்னையும் எதுவும் செய்ய மாட்டீங்கதானே?" என்று பையன் கேட்கிறான். அவர் உடனே திருப்பிக் கேட்பது, இதை அம்மா சொல்லிக்கொடுத்தாளா என்பதுதான். அந்தக் காட்சியில் ஆவி இல்லை, ஆயுதம் இல்லை. நான் படத்தை நிறுத்திவிட்டுப் போய்க் கூடத்து விளக்கைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்துத்தான் மறுபடி உட்கார முடிந்தது.

என் கேள்வி இதுதான். ஜாக் டோரன்ஸ் நல்ல மனிதராக வந்து அந்த ஓட்டலால் கெட்டாரா, இல்லை, வரும்போதே அப்படித்தானா? இரண்டு நாளாக யோசிக்கிறேன், முடிவுக்கு வர முடியவில்லை.

இன்னொன்று. அந்தக் கட்டடத்தில் ஏதோ சரியில்லை. பையன் மூன்று சக்கர வண்டியில் சுற்றும் பாதையைத் தாளில் வரைந்து பார்த்தேன். எந்தத் தாழ்வாரம் எதில் போய்ச் சேர்கிறது என்று பிடிபடவே இல்லை. கவனக்குறைவா, வேண்டுமென்றே செய்ததா?

பழைய ரீல்:

பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். நீங்கள் பார்த்தது எவ்வளவு நேரம் ஓடியது?

இரவல் குடை:

இப்போது பார்த்தேன். 1 மணி 59 நிமிடம்.

பழைய ரீல்:

அப்படியென்றால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி, நீங்கள் பார்த்த படத்திலேயே இல்லை.

இந்தப் படத்துக்கு இரண்டு பதிப்புகள் உண்டு. அமெரிக்கப் பதிப்பு 144 நிமிடம். வெளிநாடுகளுக்கு அனுப்பும்போது குப்ரிக்கே அதில் 25 நிமிடம் வெட்டினார். உங்களுக்குக் கிடைத்தது வெட்டிய பதிப்பு. அதுவும் நல்ல படம்தான், இறுக்கமாக இருக்கும். ஆனால் அதற்காகக் கொடுத்த விலை அதிகம் என்பது என் கருத்து. ஆரம்பத்தில் வரும் டாக்டர் காட்சி அதில் போய்விட்டது.

ஓட்டலுக்குப் போவதற்கு முன்பு, வீட்டில் டேனி மயங்கி விழுகிறான். ஒரு பெண் டாக்டர் வந்து அவனைப் பார்த்துவிட்டு வெண்டியோடு கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார். முன்பு பையனுக்குத் தோள் பிசகிய கதை அப்போதுதான் வருகிறது. கணவன் குடித்துவிட்டுத் தாமதமாக வந்தான், பையன் அப்பாவின் பள்ளிக்கூடத் தாள்களை இறைத்து வைத்திருந்தான், கையைப் பிடித்து இழுத்ததில் பலம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. இதை வெண்டி சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கையில் சிகரெட். சாம்பல் நீண்டுகொண்டே போகிறது, தட்ட மறந்துவிடுகிறாள். அதனால் ஒரு நன்மையும் வந்தது, இனிக் குடிக்க மாட்டேன் என்று சொன்னார், ஐந்து மாதமாகத் தொடவில்லை என்கிறாள். டாக்டரின் முகம் அப்படியே உறைந்துபோயிருக்கிறது.

இப்போது நீங்கள் பார்த்த பதிப்பிலும் இருக்கும் மதுக்கூடக் காட்சிக்கு வாருங்கள். காலியான கூடத்தில் லாயிட் என்ற பணியாளிடம் ஜாக் புலம்புகிறான். ஐந்து மாதம் குடிக்காமல் இருந்ததாகச் சொல்கிறான். கூடவே, பையனுக்கு அடிபட்டது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை என்று கத்துகிறான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோள் பிசகியது மூன்று வருடத்துக்கு முன்பு. குடியை விட்டது ஐந்து மாதத்துக்கு முன்பு. வெண்டி டாக்டரிடம் சொன்ன கணக்கில் இடையில் இரண்டரை வருடம் காணாமல் போயிருக்கிறது.

அதே இடத்தில் ஜாக் சொல்லும் சாக்கையும் கேளுங்கள்: ஒரு கணம் கை சொன்னபடி கேட்கவில்லை, விசை கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். வெண்டி டாக்டரிடம் சொன்னதும் இதேதான். கணவனுடைய சாக்கை மனைவி மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். எத்தனை முறை கேட்டிருந்தால் அது அவள் வாயிலும் அப்படியே வரும்?

வரும்போதே அப்படித்தான். என் பதில் அது.

மூன்றாம் வரிசை:

பழைய ரீல் சொல்வது படத்துக்குப் பொருந்தும். நாவலுக்குப் பொருந்தாது. நான் நாவல் பக்கம் நிற்பவன்.

ஸ்டீபன் கிங் 1977இல் எழுதிய நாவலில் ஜாக் குடியோடும் தன் கோபத்தோடும் உண்மையிலேயே போராடுகிறவன். மகன் மேல் உயிராக இருக்கிறான். ஓட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில் ஒரு கணம் தெளிவு வந்து, ஓடிப்போ என்று டேனியிடம் அவனே சொல்கிறான். அப்புறம் கொதிகலன் வெடித்து ஓட்டலோடு எரிந்துபோகிறான். படத்தில் அந்த ஒரு கணம் கிடையாது. பனியில் உறைந்துபோன உடல்தான் மிஞ்சுகிறது. கிங்குக்கு இந்தப் படம் பிடிக்காமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 1997இல் அவரே திரைக்கதை எழுதித் தொலைக்காட்சித் தொடராக மறுபடி எடுக்க வைத்தார்.

நிக்கல்சனைப் பார்த்தாலே முதல் காட்சியில் தெரிந்துவிடுகிறதே! நேர்காணலில் அந்தப் பல் தெரியும் சிரிப்பு. முந்தைய காவலாளி தன் குடும்பத்தையே வெட்டிக் கொன்றான் என்று மேலாளர் சொல்கிறார். கேட்டவன் அதிரவில்லை, சுவாரசியமாகக் கேட்டுக்கொள்கிறான். விழுவதற்கு ஓர் உயரம் வேண்டாமா? நல்லவனாக இருந்தவன் சரிவதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். படத்தில் அது நடக்கவில்லை. பயப்பட்டேன், அழவில்லை.

ஆனாலும் ஓட்டலுக்கு ஒன்றுமே தெரியாது, எல்லாம் அவன் மனம்தான் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெண்டி அவனைச் சரக்கறையில் வைத்து வெளியே தாழ் போட்டுவிடுகிறாள். அந்தத் தாழ் திறக்கும் சத்தம் கேட்கிறது. மனப்பிரமை தாழ் திறக்காது.

ஒலித்தடம்:

கட்டடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், அதில்தான் எனக்குப் பைத்தியம்.

உங்கள் வரைபடம் சரியாக வராது, விட்டுவிடுங்கள். அந்த ஓட்டல் ஒரே இடத்தில் இல்லை. வெளித்தோற்றம் ஆரிகன் மாநிலத்து ஹூட் மலையில் இருக்கும் டிம்பர்லைன் லாட்ஜ். உள்பக்கம் இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் போட்ட செட். ஆரம்பத்தில் வானிலிருந்து ஓட்டலைக் காட்டும்போது பாருங்கள், கதையில் ஓட்டலுக்குப் பக்கத்தில் வரும் புதர்ச் சுவர்ப் புதிர்வழியே அங்கே இருக்காது. மேலாளர் அறையில் அவர் முதுகுக்குப் பின்னால் வெளிச்சமான ஜன்னல் இருக்கிறது, வெளியே செடிகள் தெரிகின்றன. ஜாக் அந்த அறைக்கு நடந்து வந்த வழியை நினைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் வெளிச்சுவர் வர வாய்ப்பே இல்லை. கவனக்குறைவா, திட்டமா என்று பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். ஒரே ஷாட்டைப் பல பத்து முறை எடுக்கும் மனிதருக்கு ஜன்னல் மட்டும் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

ஹெட்போனில் பார்த்தீர்களே, மிக நல்ல காரியம் செய்தீர்கள். அந்தச் சக்கரச் சத்தம் ஞாபகம் இருக்கிறதா? மரத்தரையில் கடகடவென்று ஓடும், கம்பளத்தில் ஏறியதும் சட்டென்று அடங்கும், மறுபடி மரத்தரை. அடுத்த திருப்பம் எப்போது வரும் என்று காது தானாகவே எண்ண ஆரம்பிக்கிறது. அந்தக் கேமராவும் பையன் உயரத்தில்தான் ஓடுகிறது. நகர்ந்துகொண்டே ஆடாமல் படம் பிடிக்க உதவும் ஸ்டெடிகேம் கருவியை உருவாக்கிய காரெட் பிரௌனே இந்தப் படத்தில் அதை இயக்கினார். லென்ஸ் தரையை ஒட்டிப் போவதற்காக ஒரு சக்கர நாற்காலியில் அதைப் பொருத்தி, பையனுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் எழுந்து போன அந்தக் கட்டில் காட்சியில் ஓடுவது ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக் 1936இல் எழுதிய இசை. நரம்பு வாத்தியங்கள், தாள வாத்தியங்கள், மணி போல ஒலிக்கும் செலஸ்டா என்ற வாத்தியம் ஆகியவற்றுக்காக எழுதியது. படத்துக்கென்று எழுதாத இசை என்பதால், இங்கே பயப்படு, இங்கே அழு என்று அது நமக்கு எதையும் சொல்வதில்லை. அப்பாவும் மகனும் கொஞ்சிக்கொள்ளும் இடத்தில் அது தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருக்கிறது. நீங்கள் எழுந்து போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நீலக் கம்பளம்:

வெண்டியாக நடித்த ஷெல்லி டுவாலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முதல் முறை பார்த்தபோது எனக்கு வெண்டியைப் பிடிக்கவில்லை. ஏன் இப்படி அழுதுகொண்டே இருக்கிறாள் என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலுக்காக இன்று வருத்தப்படுகிறேன். கொதிகலனைப் பார்ப்பது, வானொலியில் பேசுவது, சமைப்பது, பையனைப் பார்ப்பது என்று அந்தக் குளிர்காலம் முழுக்க வேலை செய்வது அவள் ஒருத்திதான். சம்பளம் வாங்குகிறவன் டைப் அடித்துக்கொண்டிருக்கிறான்.

படம் வந்தபோது மோசமான நடிகைக்கான ரேஸி கேலி விருதுக்கு அவரைப் பரிந்துரைத்தார்கள். 2022இல்தான் அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள். நாற்பது வருடத்துக்கு மேல். 2024இல் அவர் இறந்துவிட்டார்.

இரவல் குடை:

எல்லோருக்கும் நன்றி. நீளமான பதிப்பைத் தேடிப் பிடித்து டாக்டர் காட்சியை மட்டும் நேற்று பார்த்தேன். மூன்று முறை.

மூன்றாம் வரிசை, நீங்கள் சொன்ன உயரம் எனக்குப் புரிகிறது, நாவலையும் படிப்பேன். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் அது சரிவாகத் தெரியும். வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அது பழகிய தரை. என் அப்பா கதவைத் திறக்கும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்துவிடும். ஆறாம் வகுப்பில் ஒரு முறை என் மணிக்கட்டு வீங்கியிருந்தது. டீச்சர் அம்மாவை அழைத்துக் கேட்டார். விளையாட்டுக்குத்தான் இழுத்தார், அவர் கை கொஞ்சம் பலம் என்று அம்மா சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டீச்சர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்டி "ஐந்து மாதம்" என்று சொல்வதற்கு முன்பு ஒரு சின்னத் தயக்கம் வருகிறது, கவனித்தீர்களா? அந்த இடத்தில்தான் மூன்று முறையும் பின்னால் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுப் படத்தையும் முதலிலிருந்து பார்க்கப் போகிறேன். இந்த முறை தாழ்வாரத்தை வரைய மாட்டேன். வெண்டி எங்கே நிற்கிறாள், எந்தக் கதவுக்குப் பக்கத்தில் நிற்கிறாள் என்று மட்டும் பார்ப்பேன்.