இலங்கை மலையகத்துல உங்க தேயிலைத் தோட்டத்துக்கு போன் சிக்னல் வந்த கதையைச் சொல்லுங்க

லிந்துலை பையன்:
2006ல கொழும்புக்கு 3ஜி வந்தப்ப தெற்காசியாவுலயே நாமதான் முதல்னு பெருமை அடிச்சாங்க. 2013ல 4ஜியும் வந்திருச்சு. எங்க பணிய லயத்துல, அதான் கீழ இருக்க தொழிலாளர் வீட்டு வரிசையில, மட்டும் அதுக்கப்புறமும் ரொம்ப காலத்துக்கு ஒரு கோல் பேசணும்னா ஸ்டோருக்கு (தேயிலை பேக்டரி) மேல இருக்க ரோட்டுக்கு ஏறணும். ராத்திரியில ரோட்டோரம் வரிசையா போன் வெளிச்சம். யாரு யாரோட பேசுறான்னு தோட்டத்துக்கே தெரியும். காதலிச்சவன் பாடு அதோகதி! உங்க பக்கம் எப்படி?

பசறை டீச்சர்:
2020 மார்ச்ல பள்ளிக்கூடம் மூடுனதும் வாட்ஸ்அப்ல பாடம் அனுப்பச் சொன்னாங்க. அனுப்பலாம், யாருக்கு? பாதி வீட்டுல ஒரே போன்தான். அதுவும் கொழும்புல கடை வேலைக்குப் போன அப்பாகிட்டயோ அண்ணன்கிட்டயோ இருக்கும். போன் இருந்த பிள்ளைகள் மலை உச்சிப் பாறைக்கு ஏறுவாங்க. மழைன்னா அட்டை, வெயில்னா குளவி. பொம்பளப் பிள்ளைகளத் தனியா அனுப்ப தாய்மாருக்கு மனசு வராது, அது நியாயம்தானே. வீடியோ போட்டா இறங்காது. கடைசியில நோட்டைப் படம் புடிக்கிறதையும் விட்டுட்டு, பாடத்தை வெறும் எழுத்தா டைப் பண்ணி, கூடவே சின்னதா ஒரு வாய்ஸ் போட்டேன். அதுதான் போய்ச் சேர்ந்துச்சு. அப்ப தோட்டத்துல அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 700 ரூபா. அதுல டேட்டாவுக்கு ரீலோட் போடுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அப்ப விட்டுப்போன பிள்ளைகள்ல சிலர் திரும்பி வரவே இல்ல. துணிக்கடையில நிக்கிறாங்க.

டவர்காரன், ஹட்டன்:
நான் டவர் பராமரிப்புல இருந்தவன். மூடுபனிதான் சிக்னலைத் தின்னுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பனி அவ்வளவு பண்ணாது. குத்தம் மலையோட அமைப்புல. டவரை ரோட்டுக்கும் டவுனுக்கும் தெரியுற மேட்டுல வைப்பாங்க, ஏன்னா காசு அங்கதான். நம்ம லயங்கள் பாதி ஓடைப் பக்கத்துப் பள்ளத்துல கிடக்கு. நடுவுல ஒரு மலை முதுகு வந்தா அந்தப் பக்கம் ஒன்னும் இறங்காது. கோல் ஓடுன 2ஜியோட 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், கொஞ்சம் வளைஞ்சும் கொடுக்கும். 3ஜி ஓடுன 2100 அந்தளவுக்கு இல்ல. அதனாலதான் கோல் எடுத்த எடத்துலயும் இன்டர்நெட் வரல.

இன்னொன்னு, டவருக்கு டவர் சிக்னல் கடத்துற மைக்ரோவேவ் டிஷ் ஒன்னையொன்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். காத்துக்கு மறைப்பா நட்ட யூகலிப்டஸ் வளர்ந்து, குறுக்க வந்து, லிங்க் போன எடமும் உண்டு. ஒரு கிளையை வெட்ட தோட்டத்து ஒப்பீசுல அனுமதி வாங்குறதுக்குள்ள... சரி, அத விடுங்க. 2022 மார்ச் கடைசியில நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டுனாங்களே, அப்ப டவர் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவே நேரமில்ல. ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கல.

மஸ்கெலியா அக்கா:
2025 நவம்பர் டித்வா புயல்லயும் அதே கதைதான். கரண்ட் போயி, மண்சரிவுல பைபர் கேபிளும் அறுந்து, போன் செத்துப் போச்சு. என் தங்கச்சி குவைத்துல வீட்டு வேலை. ராத்திரி நாங்க சோறு திங்கிறத இமோ வீடியோ கோல்ல பார்த்துட்டுத்தான் தூங்குவா. அவ பேஸ்புக்ல மண்சரிவுப் படமெல்லாம் பார்த்துட்டா, வீட்டை மட்டும் பிடிக்க முடியல. எங்க லயத்துப் பையன் ஒருத்தன் சிக்னல் கிடைக்கிற எடம் வரைக்கும் நடந்து போயி, காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்குற பிரட்டுல பேர் போடுற மாதிரி வீட்டு வாரியா பேரெழுதி, எல்லாரும் உசிரோட இருக்கோம்னு குரூப்ல போட்டான். அதுவரைக்கும் கடனுக்கு வாங்குன ஸ்மார்ட்போனெல்லாம் வெறும் டார்ச் லைட்.

லிந்துலை பையன்:
அக்கா, படிக்கவே கஷ்டமா இருக்கு. டவர்காரண்ணே, ஒரு சந்தேகம். இப்ப எங்க லயத்துல கோடு முழுசா காட்டுது, ஆனா சாயங்காலமானா யூடியூப் சுத்திக்கிட்டே நிக்குது. ஏன்?

டவர்காரன், ஹட்டன்:
கோடு காட்டுறது டவர் சிக்னல் உன் போனுக்கு எவ்வளவு நல்லாக் கேக்குதுங்கிறத மட்டும்தான் தம்பி. எத்தனை பேர் அதுல தொங்குறாங்கன்னு அது சொல்லாது. சுத்துப்பட்டு டிவிஷனெல்லாம் (தோட்டப் பிரிவுகள்) ஒரே டவர்னா, வேலை விட்டு வந்து எல்லாரும் ஒன்னா திறக்கிறப்ப ஆளுக்குக் கிடைக்கிற பங்கு சுருங்கிரும். பாட வீடியோ ஏதாச்சும் வேணும்னா விடியக்காலையில டவுன்லோட் போட்டு வை.